இருபத்தோர் இலக்க எண் ஒன்று



எண்களைப் பற்றி வானொலியிற் பேசுவது சிறிது துணிச்சலான காரியம். கேட்போர் முன்னே கரும்பலகை இல்லை. ஒருமுறை காதில் விழுந்த இலக்கத்தைத் திரும்பிப் பார்க்க வழியும் இல்லை. அன்றியும், கலைப் பாடங்களைக் கற்றுப் பட்டம் பெற்ற என்னைப் போன்ற ஒருவர் கணிதம் பேச வருவதைக் கணித ஆசிரியர்கள் புன்முறுவலுடன் நோக்கவுங்கூடும். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரேயோர் எண்ணின் வரலாறு. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் அதனைப் பின்தொடரலாம். தாளும் பென்சிலும் அருகில் இருப்பின் நன்று.

முதலிலே இரண்டு சொற்களை நினைவூட்டிக்கொள்வோம். பன்னிரண்டு மாம்பழங்களை மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்காக அடுக்கலாம். இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஆறாகவும் அடுக்கலாம். பதின்மூன்று மாம்பழங்களை இவ்வாறு சமவரிசைகளாக அடுக்க இயலாது. ஒரே நீண்ட வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பன்னிரண்டைப் போன்றவற்றைச் சேர்த்தி எண்கள் என்றும், பதின்மூன்றைப் போன்றவற்றை முதன்மை எண்கள் என்றும் எமது பாடநூல்கள் வழங்கும். தமிழகத்து நூல்களில் இவை பகு எண், பகா எண் எனப்படும். பகு, பகா என்பன பொருளை நேரே காட்டும் அழகிய சொற்கள் என்பது என் எண்ணம்; எனினும் எமது மாணவர் பழகிய சொற்களையே இங்குக் கையாளுகின்றேன். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம்.

இனி எமது எண்ணுக்கு வருவோம். சதுரங்கப் பலகையின் கதை நீங்கள் அறிந்ததே. முதற் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று கட்டந்தோறும் இருமடங்காகக் கேட்டானாம் ஒருவன். அறுபத்து நான்கு கட்டங்களும் நிறையும்போது சேரும் மணிகளின் தொகை 18,446,744,073,709,551,615. அரசனுடைய களஞ்சியங்கள் யாவும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று கதை முடியும். நாம் அந்தப் பலகையோடு இன்னும் மூன்று கட்டங்களை ஒட்டிவைப்போம். அறுபத்தேழு கட்டங்களுக்கும் சேரும் மணிகள், அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி வரும் தொகையிலும் ஒன்று குறைந்தவை. அத்தொகை 147,573,952,589,676,412,927. இருபத்தோர் இலக்கம். நமது வழக்கிலே சொல்லப்போனால், ஏறத்தாழப் பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரம் கோடி கோடி. இந்த நெற்குவியலைச் சமமான வரிசைகளாகப் பரப்ப முடியுமா என்பதே கேள்வி.

எண் பெரிதாயிருப்பதனாலே கேள்வி கடினமாயிற்று என்று கருதவேண்டாம். கதையிலே வரும் பழைய குவியலும் பெரியதுதான்; இருந்தும் அது எளிதிற் சிதறிவிடும். கடைசி இலக்கம் ஐந்து. ஆகவே ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் எண்பத்தேழு. ஆகவே மூன்றாலும் வகுபடும். முற்றாகப் பிரித்தால் அதன் முதன்மைக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417. இவற்றுள் 641ஐயும் கடைசி எண்ணையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 4,294,967,297 கிடைக்கும். பேர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் முதன்மை எண் என்று நம்பியிருந்த எண் இது. 641 அதன் காரணி என்று 1732இல் ஒயிலர் காட்டினார். இன்னும் மேலே போனால், எமது இராமானுசன் 1915இல் வெளியிட்ட பெரிய கட்டுரையொன்று முழுவதும், காரணிகள் மிக நிறைந்த எண்களைப் பற்றியதே. அவர் ஆராய்ந்த அந்த இனத்தைச் சேர்ந்த 6,746,328,388,800 என்னும் எண் பதின்மூன்று இலக்கமேயுடையது. ஆனால் அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. கும்பகோணத்துப் பெருமகன் தேர்ந்தெடுத்தவை, தொட்ட இடமெல்லாம் பிரியும் எண்கள். நமது அறுபத்தேழாங் கட்டத்து எண்ணோ அவற்றுக்கு நேர்மாறான குணமுடையது. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எதைக்கொண்டு வகுத்தாலும் மீதி நிற்கும். ஆயிரத்திற் போனாலும், இலட்சத்திற் போனாலும், கோடியிற் போனாலும் மீதி நிற்கும்.

இவ்வெண்ணை முதலில் உலகறியச் செய்தவர் மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி. பாரிசிலே வாழ்ந்தவர், அக்காலத்து அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். இரண்டின் அடுக்கொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது முதன்மை எண் வரும் என்பதை 1644இல் வெளிவந்த தமது நூலிலே கூறினார். 257 வரையிற் பதினொரு அடுக்குகளுக்கு மட்டுமே அவ்வாறு வரும் என்பது அவர் கூற்று. அவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. துறவியாரின் பட்டியலில் ஐந்து பிழைகள் உண்டு. வரவேண்டிய 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டன; வரக்கூடாத 67, 257 ஆகிய இரண்டும் இடம்பெற்றன. அறுபத்தேழு பற்றிய பிழை வெளிப்பட இருநூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

அதனை 1876இல் வெளிப்படுத்தியவர் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித ஆசிரியர். மூன்று கம்பங்களிலே வட்டத்தட்டுகளை மாற்றிமாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டைப் பின்னர் 1883இல் அமைத்தவரும் இவரே. அறுபத்து நான்கு தட்டுகளை அவ்விளையாட்டின் விதிப்படி மாற்றியடுக்கத் தேவையான அசைவுகளின் தொகை, சதுரங்கக் கதையின் நெல்மணிகளின் தொகையேயாகும். இது இடையிலே வந்த செய்தி, நிற்க. லூக்கா நிறுவியது என்னவென்றால், எமது இருபத்தோர் இலக்க எண் முதன்மை எண்ணன்று, சேர்த்தி எண்ணே என்பது. அப்படியானால் அதன் காரணிகள் யாவை என்று கேட்கத் தோன்றும். அவற்றுள் ஒன்றையேனும் அவர் காட்டவில்லை. காட்டாமலே நிறுவினார்.

இந்த இடத்திலேதான் நம்மிற் பலர் தயங்கி நிற்போம். வகுக்கும் எண்ணைக் காணாமல், வகுபடும் என்று எங்ஙனம் உறுதி கூறலாம்? பரீட்சையிலே "காரணிகளைக் காண்க" என்று வினாக் கேட்கிறோம். "காரணி எதனையும் காணாது, காரணி உண்டென்று மட்டும் நிறுவுக" என்று எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை. ஆனால் வழி இருக்கிறது. அதனைச் சிறிய எண்ணொன்றிலே செய்து பார்ப்போம்.

முன்னர்க் குறித்த பேர்மா 1640இல் ஓர் உண்மையைக் கண்டார். இரண்டைவிடப் பெரிய முதன்மை எண் எதனையும் எடுங்கள். அதிலும் ஒன்று குறைந்த அளவு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதை அந்த முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கும். ஏழை எடுத்தால், ஆறு இரண்டுகளின் பெருக்கம் அறுபத்து நான்கு. ஏழால் வகுக்க மீதி ஒன்று. பதின்மூன்றை எடுத்தால், பன்னிரண்டு இரண்டுகளின் பெருக்கம் 4,096. பதின்மூன்றால் வகுக்க மீதி ஒன்று. இப்போது பதினைந்தை எடுங்கள். பதினான்கு இரண்டுகளின் பெருக்கம் 16,384. அதைப் பதினைந்தால் வகுத்தால் மீதி நான்கு. முதன்மை எண்ணாயின் மீதி ஒன்றாயிருத்தல் வேண்டும், அவ்வாறில்லை. ஆகவே பதினைந்து முதன்மை எண்ணன்று. பார்த்தீர்களா? மூன்றும் ஐந்தும் இக்கணக்கிலே எங்கும் தலைகாட்டவில்லை. நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர், உடலிலே நோய் உண்டு என்பதை ஐயமின்றிக் கூறுகிறார். எந்த உறுப்பிலே என்பதை நாடி அவருக்குச் சொல்லவில்லை.

நாடி பார்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. மீதி ஒன்றல்லவாயின் எண் சேர்த்தி எண் என்பது உறுதி; ஆனால் மீதி ஒன்று வந்துவிட்டாலே முதன்மை எண் என்று முடிவுகட்டுதல் ஆகாது. 341 என்னும் எண் இச்சோதனையில் நல்லபிள்ளைபோல் நடந்துகொள்ளும். பத்து இரண்டுகளின் பெருக்கமாகிய 1,024ஐ 341ஆல் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே முந்நூற்று நாற்பது இரண்டுகளின் பெருக்கத்துக்கும் மீதி ஒன்றே. எனினும் 341 என்பது பதினொன்றையும் முப்பத்தொன்றையும் பெருக்கி வந்தது. இந்த வேடதாரியை 1819இல் சாருஸ் என்பவர் கண்டுபிடித்தார்.

லூக்காவின் சோதனையில் இத்தகைய ஏமாற்றம் இல்லை. மெர்சேன் கூறிய வகை எண்களுக்கென்றே அமைந்த அச்சோதனையை 1930இல் லேமர் என்னும் அமெரிக்கர் மிக எளிய வடிவிலே தந்தார். அவ்வடிவிலேயே சொல்கிறேன். ஐந்து இரண்டுகளின் பெருக்கத்திலும் ஒன்று குறைந்தது முப்பத்தொன்று. அதனைச் சோதிப்போம். நான்கிலே தொடங்குக. நான்கை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழித்தால் பதினான்கு. பதினான்கை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்று நான்கு; அதை முப்பத்தொன்றால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க; மீதி எட்டு. எட்டெட்டு அறுபத்து நான்கு, இரண்டு போக அறுபத்திரண்டு. இது முப்பத்தொன்றால் மீதியின்றி வகுபடுகிறது. ஐந்தாம் அடுக்குக்கு, ஐந்தில் ஒன்று குறைந்த நான்காவது படியிலே பூச்சியம் வந்தால் முதன்மை எண். வராவிட்டாற் சேர்த்தி எண். விதி இவ்வளவே. பதினோராம் அடுக்குக்கு உரிய 2,047ஐ இவ்வாறு சோதித்தாற் பத்தாவது படியிலே பூச்சியம் வராது, 1,736 வரும். ஆகவே 2,047 சேர்த்தி எண். அது இருபத்து மூன்றையும் எண்பத்தொன்பதையும் பெருக்கி வந்தது என்பதைச் சோதனை நமக்குச் சொல்வதில்லை. நாமாகத் தேடியே அறியவேண்டும்.

அறுபத்தேழாம் அடுக்குக்கு இச்சோதனையைச் செய்வதாயின், இருபத்தோர் இலக்கம் வரையுள்ள எண்களைத் தம்மால் தாமே பெருக்கும் வேலையை அறுபத்தைந்து தரம் செய்யவேண்டும். கடினமான உழைப்புத்தான். எனினும் பொறுமையுள்ள ஒருவர் கையாற் செய்து முடிக்கத்தக்கது. இவ்வுழைப்பின் முடிவிலே கிடைக்கும் விடையோ "பிரியும்" என்ற ஒரு சொல் மட்டுமே.

இருபத்தேழு ஆண்டுகள் அந்த ஒரு சொல்லே நின்றது. எண் பிரியும் என்பது உறுதி. எதனாற் பிரியும் என்பதை அறிந்தார் இல்லை. அதனைக் கண்டவர் பிராங் நெல்சன் கோல். நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராக 1896 முதல் 1920 வரை இருந்தவர்.

அவருடைய வேலையின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் தகும். இவ்வகை எண்களின் காரணிகள் எப்படியும் இருந்துவிடுவதில்லை. அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பதினோராம் அடுக்கின் காரணிகள் இருபத்து மூன்றும் எண்பத்தொன்பதும் என்று கண்டோம். பதினொன்றின் இருமடங்கு இருபத்திரண்டு. இருபத்திரண்டோடு ஒன்று கூட்டினால் இருபத்து மூன்று. நான்கு இருபத்திரண்டுகளோடு ஒன்று கூட்டினால் எண்பத்தொன்பது. அவ்வாறே அறுபத்தேழாம் அடுக்கின் காரணி எதுவாயினும், 134இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும். மேலும், எட்டால் வகுத்தால் அதன் மீதி ஒன்றாகவோ ஏழாகவோ இருத்தல் வேண்டும். இவ்விரு சல்லடைகளிலும் அரித்த பின்னர் எஞ்சுவன மிகக் குறைவு என்று தோன்றும். ஆனால் கோல் கண்ட சிறிய காரணி, 134இன் 1,445,580ஆம் மடங்கிலும் ஒன்று கூடியது. அதற்குக் கீழே நின்று, இரண்டு சல்லடைகளுக்கும் தப்பி வருவன ஏழு இலட்சத்து இருபத்தீராயிரத்துக்கும் மேற்பட்டவை. அவை ஒவ்வொன்றாலும் இருபத்தோர் இலக்க எண்ணை வகுத்துப் பார்ப்பது ஒரு மனிதரின் ஓய்வுநேரத்துக்குள் அடங்கும் வேலையன்று. ஆகவே கோல் கண்ணை மூடிக்கொண்டு வகுத்தவரல்லர். இருபடி எண்களின் மீதிகளைப் பற்றிய கொள்கையைப் பயன்படுத்தி மேலும் மேலும் நுண்ணிய சல்லடைகளை அமைத்து, தேடவேண்டிய இடத்தைச் சுருக்கிக்கொண்டே சென்றார்.

1903ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் நியூயோர்க்கிலே நடந்த கணிதக் கழகத்தின் கூட்டத்தில் அவர் தமது கட்டுரையை முன்வைத்தார். பெரும் எண்களைக் காரணிப்படுத்துதல் என்பது பொருள். அக்கூட்டத்தைப் பற்றி எரிக் டெம்பிள் பெல் என்னும் கணித ஆசிரியர் 1951இல் எழுதிய செய்தி மிகப் பிரசித்தமானது. கோல் பேசாமலே கரும்பலகைக்குச் சென்றாராம். வெண்கட்டியை எடுத்து, அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து விடையை எழுதினாராம். பின்னர்ப் பலகையின் மறுபுறம் சென்று 193,707,721 என்ற எண்ணையும் 761,838,257,287 என்ற எண்ணையும் எழுதி, பள்ளிப் பிள்ளை பெருக்குவதைப் போல வரிவரியாகப் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாயின. ஒரு சொல்லும் பேசாது தமது ஆசனத்திற் சென்று அமர்ந்தாராம். சபையினர் எழுந்து ஆரவாரித்தனராம்; வினா எழுப்பியவர் ஒருவரும் இல்லையாம். இக்காரணிகளைக் காண எவ்வளவு காலம் சென்றது என்று பின்னொருநாள் பெல் வினவியதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடை கூறினாராம்.

பெல் கதையைச் சுவைபடச் சொல்வதில் வல்லவர். நிகழ்ச்சிகளுக்கு மெருகேற்றத் தயங்காதவர் என்றும் பெயரெடுத்தவர். ஆகவே இத்தனை "ஆம்" போட்டுச் சொன்னேன். ஆனால் கட்டுரை வாசிக்கப்பட்டதும், கழகத்தின் ஏட்டிலே அது அச்சானதும், காரணிகள் சரியானவை என்பதும் ஐயத்துக்கு இடமற்றவை. அந்தப் பெருக்கலுக்கு வரிகள் எட்டே தேவை. ஒன்பது இலக்கத்திலே ஓர் இலக்கம் பூச்சியமாதலால் ஒரு வரி குறைகிறது. கவனமாகச் செய்யும் மாணவன் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவான். காண்பதற்கு மூன்றாண்டு, சரிபார்ப்பதற்கு அரை மணி. நான் இவ்வெண்ணின் வரலாற்றிலே வியப்பது கோலின் பொறுமையை மட்டுமன்று, இந்த ஏற்றத்தாழ்வையுந்தான். ஒரு திசையிலே நடந்தால் சமதரை. மறுதிசையிலே திரும்பினால் செங்குத்தான மலை.

இந்த ஏற்றத்தாழ்வு இன்று வெறும் விநோதமாக இல்லை. 1977இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே பணியாற்றிய ரிவெஸ்ற், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் இதனையே பூட்டாக்கினர். மிகப் பெரிய முதன்மை எண்கள் இரண்டை ஒருவர் இரகசியமாகத் தெரிந்தெடுத்துப் பெருக்குகிறார். பெருக்கி வந்த எண்ணை ஊரறிய வெளியிடுகிறார். அவ்வெண்ணைக்கொண்டு எவரும் அவருக்குச் செய்தியைப் பூட்டி அனுப்பலாம். திறப்பதற்கோ காரணிகள் வேண்டும். அந்த எண் சேர்த்தி எண் என்பதை உலகமே அறியும். அறிந்தென்ன? லூக்காவுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் உலகம் நின்ற இடத்திலேயே திருடனும் நிற்கிறான். வங்கிக் கணக்கைக் கணினியிலே திறக்கும்போதும், கடிதத்தை மின்வழி அனுப்பும்போதும் நம்முடைய இரகசியத்தைக் காத்த பூட்டுகளுட் பெரும்பாலானவை இவ்வகையினவும் இவற்றையொத்தனவுமாகும்.

பூட்டின் வலிமையைச் சோதிக்கும்படி அதே 1977 ஆகஸ்டில், மார்ட்டின் கார்ட்னர் என்னும் எழுத்தாளர் வாயிலாக 129 இலக்க எண்ணொன்று வாசகர்முன் வைக்கப்பட்டது. பரிசு நூறு டொலர். பிரிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்று அப்பொழுது மதிப்பிட்டனர். பதினேழு ஆண்டுகளிற் பிரிந்தது. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ அறுநூறு தொண்டர்கள் தத்தம் கணினிகளை ஏறக்குறைய எட்டு மாதம் ஈடுபடுத்தி, 1994 ஏப்ரலில் அறுபத்து நான்கு இலக்கமும் அறுபத்தைந்து இலக்கமும் உடைய இரு காரணிகளைக் கண்டனர். 2020 பெப்ரவரியிலே 250 இலக்க எண் பிரிந்தது. எமது இருபத்தோர் இலக்க எண்ணை இன்று மேசைக் கணினி ஒன்று கண்ணிமைக்கும் நேரத்திலே பிரித்துவிடும். கோலின் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணி எனக்குச் சிறிது வருத்தமே உண்டாகிறது. எனினும் வெளிப்படையாக அறைகூவலாக விடப்பட்ட 617 இலக்க எண் இன்னும் பிரியாமல் நிற்கிறது.

பிரியுமா என்று அறிவதும், எதனாற் பிரியும் என்று அறிவதும் வேறு வேறு என்பதனை 2002 ஆகஸ்டிலே இந்தியாவின் கான்பூரிலிருந்து வந்த செய்தி மேலும் தெளிவாக்கியது. அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், இளம் மாணவர்களாகிய நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், எந்த எண்ணாயினும் முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா என்பதை விரைவாகவும் ஏமாற்றத்துக்கு இடமின்றியும் தீர்மானிக்கும் வழியொன்றை நிறுவினர். மூன்று மனிதர் ஒன்பது பக்கத்திலே எழுதிய அந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. வங்கிகள் அஞ்சின என்று நினைப்பீர்கள், அஞ்சவேண்டியிருக்கவில்லை. அவ்வழியும் நாடி பார்க்கும் வழியே. காரணியை அது காட்டுவதில்லை.

அச்சம் வேறொரு திசையிலிருந்து வந்தது. அணுவினும் நுண்ணியவற்றின் இயல்பைக்கொண்டு இயங்கும் குவாண்டம் கணினி என்னும் பொறி போதிய அளவிலே அமையுமாயின், பெரும் எண்களை விரைவாகப் பிரித்துவிடலாம் என்று 1994இல் பீற்றர் ஷோர் காட்டினார். அத்தகைய பொறியை எதிர்நோக்கி, காரணிப்படுத்தலைச் சாராத புதிய பூட்டுகளுக்கான நியமங்களை அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவகம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. காரணிகள் காணுதற்கு அரியன என்ற நம்பிக்கைக்கு இன்றுவரை எவரும் நிறுவல் தந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடினம் என்று கருதுகிறோம், கடினமென்று நிறுவவில்லை. எளிய வழி இல்லையென்று யாரும் காட்டவில்லை. ஒருவருக்கும் அகப்படவில்லை என்பதே நமக்குள்ள காப்பு. இத்துணை பெரிய கட்டடம் இத்துணை மெல்லிய தூணிலே நிற்பது எனக்குச் சற்றுக் கலக்கத்தைத் தருகிறது.

லூக்கா கூறிய அந்த ஒரு சொல்லோடு மட்டும் நிற்கும் எண்கள் இப்பொழுதும் உள. ஒயிலர் பிரித்த எண்ணின் இனத்தவரான பேர்மாவின் எண்களிலே பதினான்காவது எனப்படுவது சேர்த்தி எண் என்று முன்னரே தெரிந்தது. அதன் காரணிகளுள் ஒன்று 2010இல்தான் அகப்பட்டது. அதே இனத்தில் இருபதாவதற்கு மூன்று இலட்சத்துப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்; அது பிரியும் என்று நிறுவினர்; ஒரு காரணியும் தெரியாது. மெர்சேனுடைய இனத்திலேயே, 1,277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 385 இலக்கமுள்ள எண்ணொன்று வரும். அதுவும் சேர்த்தி எண் என்பது ஐயமின்றித் தெரியும். பல கணினிகள் பல்லாண்டுகளாகத் தேடியும் அதனை வகுக்கும் எண் இன்னும் அகப்படவில்லை.

கோலின் பெருக்கலைத் தாமே செய்து பார்க்க விரும்புவோர் முதலில் ஒன்பதாற் சோதிக்கும் பழைய முறையைக் கையாளலாம். சிறிய காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. பெரிய காரணியின் இலக்கங்கள் 64, அதுவும் 10, அதுவும் 1. ஒன்றை ஒன்றாற் பெருக்கினால் ஒன்று. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 109, அது 10, அதுவும் 1. ஆயினும் இலக்கங்கள் இரண்டு இடம்மாறி விழுந்தால் இச்சோதனை அதனைக் காட்டிக்கொடாது. எட்டு வரிகளையும் எழுதிக் கூட்டுவதே தக்கது.

எழுதிக்கொள்ள விரும்புவோருக்காக எண்களை மீண்டும் ஒருமுறை மெதுவாகச் சொல்கிறேன். சிறிய காரணி: ஒன்று, ஒன்பது, மூன்று, ஏழு, பூச்சியம், ஏழு, ஏழு, இரண்டு, ஒன்று. பெரிய காரணி: ஏழு, ஆறு, ஒன்று, எட்டு, மூன்று, எட்டு, இரண்டு, ஐந்து, ஏழு, இரண்டு, எட்டு, ஏழு. விடை: ஒன்று, நான்கு, ஏழு, ஐந்து, ஏழு, மூன்று, ஒன்பது, ஐந்து, இரண்டு, ஐந்து, எட்டு, ஒன்பது, ஆறு, ஏழு, ஆறு, நான்கு, ஒன்று, இரண்டு, ஒன்பது, இரண்டு, ஏழு.